முப்பது வெள்ளிக்குக் கீழே முறையீடு கிடையாதா? உணவு டெலிவரி செயலி நடத்தும் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகத்தினருக்கு,

போன செவ்வாய்க்கிழமை மதியம் 12:40-க்கு உங்கள் மின்னஞ்சல் வந்தது. அந்த நேரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் யார் மின்னஞ்சல் படிப்பார்கள் என்று உங்களில் யாராவது யோசித்தீர்களா, தெரியவில்லை. நான் படித்தது ராத்திரி பத்தரைக்கு, கல்லாவை எண்ணி முடித்த பிறகு. ஆங்கிலத்தில் ஒரு பக்கம், மலாயில் ஒரு பக்கம். விஷயம் இதுதான்: அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து வாடிக்கையாளர் புகார் செய்தால் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்று உங்கள் கணினியே முடிவு செய்யும். ஆர்டர் 30 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) குறைவு என்றால் கடைக்காரர் அதை எதிர்த்து முறையிட முடியாது. இது எங்கள் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காகவாம். அதையும் எழுதியிருந்தீர்கள்.

என் கடை கோலாலம்பூரில், செந்தூலில் இருக்கிறது. காலையில் தோசை, மதியம் வாழை இலைச் சாப்பாடு, சாயங்காலம் மறுபடியும் தோசை. உங்கள் செயலி வழியாக எனக்கு வருகிற ஆர்டர்களில் பத்துக்கு ஒன்பது 30 வெள்ளிக்குக் கீழ்தான். ஒரு ஆள், ஒரு சாப்பாடு, இரண்டு வடை, அவ்வளவுதான். ஆக, நீங்கள் எழுதியிருப்பதற்கு என் கடையைப் பொறுத்தவரை ஒரே அர்த்தம்: எனக்கு முறையீடே இல்லை. அதை நேராகவே சொல்லியிருக்கலாம்.

மார்ச் மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை, சைவச் சாப்பாடு ஒன்று, உளுந்து வடை இரண்டு, மொத்தம் 22 வெள்ளி 40 காசு. அன்றைக்குக் கட்டியது நானே. சோறு ஒரு பெட்டியில், மூன்று காய் தனித்தனியாக, அப்பளம் மேலே, சாம்பார், ரசம், மோர் மூன்றும் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் ரப்பர் போட்டு இறுக்கி. சாம்பாருக்கு மஞ்சள் ரப்பர், ரசத்துக்குச் சிவப்பு. அப்பா காலத்து வழக்கம் இது, ஏனென்றால் பையில் கட்டி வைத்துவிட்டால் மதிய அவசரத்தில் எது சாம்பார் எது ரசம் என்று கண்ணுக்குத் தெரியாது (எங்கள் சாம்பார் அவ்வளவு தண்ணியாக இருக்காது, ஆனாலும்). முக்கால் மணி நேரம் கழித்து, ஆர்டர் வருவதற்கு நீங்கள் கொடுத்த டேப்லெட்டில் புகார் வந்தது: ரசம் இல்லை. கூடவே சாட்சிக்கு ஒரு படம். அந்தப் படத்தை என் அக்கா மகன் விரலால் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டினான். அப்பளத்துக்குப் பின்னால், பெட்டியின் மூலையில், சிவப்பு ரப்பர் போட்ட பை உட்கார்ந்திருக்கிறது. ரசம் இல்லை என்பதற்கு அவர்கள் அனுப்பிய படத்திலேயே ரசம் இருக்கிறது.

உங்கள் கணினி 22 வெள்ளி 40 காசையும் முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது, என் கணக்கிலிருந்து. ரசத்துக்கு மட்டும் என்றால்கூட ஒரு மாதிரி. சோறும் மூன்று காயும் இரண்டு வடையும் சாப்பிட்டதற்கு யார் காசு கொடுப்பது? உதவிப் பெட்டியில் எழுதினேன். ஒரு பெண்பிள்ளையின் பெயரை வைத்துக்கொண்டு இயந்திரம் பதில் சொன்னது: உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது. நான்கு முறை எழுதினேன், நான்கு முறையும் அதே வருத்தம் அதற்குப் புரிந்தது. ஒன்பதாவது நாள் ஒரு மனிதர் எழுதினார், ஒரே வரி: முடிவு இறுதியானது. சரி, முறையீடு என்று பெயருக்காவது ஒன்று இருந்தபோது நிலைமை அது. அதையும் இப்போது எடுக்கிறீர்கள்.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். ஜனவரி முதல் மார்ச் வரை என் கடைக்கு 61 தடவை இப்படிப் பணம் பிடித்திருக்கிறீர்கள், மொத்தம் 1,163 வெள்ளி 70 காசு. அதில் 14 எங்கள் தவறு, ஒப்புக்கொள்கிறேன். சட்னி வைக்க மறந்திருக்கிறோம், ஆர்டரை மாற்றிக் கொடுத்திருக்கிறோம். ஒரு தடவை சைவச் சாப்பாட்டோடு மீன் குழம்புப் பை போய்விட்டது. அன்றைக்கு எனக்குத் தூக்கமே இல்லை. விரதம் இருக்கிற வீடாக இருந்தால் என்ன ஆகும்? கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாம், முடிந்தால் நேரில் போய்விட்டு வரலாம் என்று உங்களிடம் எண் கேட்டேன். தர முடியாது என்றீர்கள், தனிநபர் தகவலாம். சரி, எண் வேண்டாம், நான் சொல்வதை நீங்களாவது அவரிடம் சொல்லுங்கள் என்றேன். அதற்குச் செயலியில் வழி இல்லையாம். பணத்தைப் பிடித்துக் கொடுத்ததோடு உங்கள் வேலை முடிந்தது. அந்த வீட்டில் இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்கள், நியாயமாகவே. அவர்கள் யாரென்று எனக்குக் கடைசி வரை தெரியாது.

இந்த இடத்தில்தான் எனக்கு அப்பாவின் 555 புத்தகம் ஞாபகத்துக்கு வருகிறது. இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சட்டைப் பைக்குள் அடங்குகிற சின்ன நோட்டு, அட்டையில் 555 என்று இருக்கும், மளிகைக் கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் கடன் எழுதுவது அதில்தான். அப்பா 1984-இல் கடையைத் திறந்தபோது பாதிப்பேர் ரயில் பட்டறை ஆட்கள். மாசம் முழுக்கச் சாப்பிட்டுவிட்டுச் சம்பள நாளில் தீர்ப்பார்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு 555. அவற்றில் நாலைந்து புத்தகத்தை இன்னமும் வைத்திருக்கிறேன், எண்ணெய்க் கறையோடு. பெயருக்குப் பக்கத்தில் அப்பா அடையாளம் எழுதி வைத்திருப்பார்: மூணாவது லைன் வீடு, மீசை, புளி சேராது. பணம் தராமல் ஏமாற்றியவர்களும் உண்டு. ஆனால் ஏமாற்றியவர் யாரென்று தெரியும், சந்தையில் பார்த்தால் என்ன தம்பி மறந்துட்டீங்களா என்று கேட்கலாம். அவருக்கும் அப்பாவை நேராகக் கேட்க முடியும், நேற்று நான் வரவே இல்லையே, ஏன் எழுதினீர்கள் என்று. அப்பா அடித்துவிடுவார். கணக்கு இரண்டு பேருக்கும் நடுவில் திறந்து கிடந்தது.

இப்போது அந்தப் புத்தகம் உங்களிடம் இருக்கிறது. என் வாடிக்கையாளர் எந்தக் கிழமை சைவம், எப்போது சம்பளம் வந்து தாராளமாக வாங்குகிறார், எந்தத் தெருவில் இருக்கிறார், எல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிவது ஒரு ஆர்டர் எண்ணும் பெயரில் பாதியும். மூன்று வருஷமாக வாரத்துக்கு இரண்டு தடவை என்னிடம் நெய் சாதம் வாங்குகிறவர் நாளைக்குக் கடை வாசலில் வந்து நின்றால் எனக்கு அடையாளம் தெரியாது. சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் உங்களைச் சேர்த்துக்கொண்டோம். நீங்கள் நடுவில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் வாடிக்கையாளருக்குக் கடையாகவும் இந்தப் பக்கம் எனக்கு முதலாளியாகவும் ஆகிவிட்டீர்கள்.

நன்றி கெட்டதனமாகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். 2020 மார்ச் 18, புதன்கிழமை, நடமாட்டக் கட்டுப்பாடு வந்த முதல் நாள், உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்றதும் மேசைகளை மடக்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நானும் அம்மாவும் வெறும் கடையில் நின்றுகொண்டிருந்தோம். ஊறப்போட்ட அரிசி அப்படியே இருந்தது. நாலாவது நாள் உங்கள் ஆட்களைக் கூப்பிட்டு எழுதிக் கொடுத்தேன். பத்து நாளில் டேப்லெட் வந்தது. அது முதல் தடவை கத்தியபோது அம்மா பயந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டார். அந்த வருஷமும், மறுபடி எல்லாவற்றையும் மூடிய 2021 ஜூனிலும், அந்தச் சத்தம் இல்லாவிட்டால் இந்தக் கடை இன்றைக்கு இல்லை. அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் அன்றைக்கு வேறு வழியில்லாமல் போட்ட கையெழுத்தை வைத்து இன்றைக்கு வரை என்னவெல்லாம் மாற்றியிருக்கிறீர்கள் என்று பார்த்தால், நான் ஒப்புக்கொண்டது எது, நீங்களாகச் சேர்த்துக்கொண்டது எது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வாடிக்கையாளர்களுக்கும் ஒரு கணக்குத் தெரிய வேண்டும், அதனால் இங்கேயே போட்டுவிடுகிறேன். சைவச் சாப்பாடு கடையில் 12 வெள்ளி. செயலியில் 16. செந்தூல்காரி பேராசைக்காரி என்று விமர்சனத்தில் ஒருவர் எழுதியிருந்தார். 16-இல் உங்களுக்கு முப்பது விழுக்காடு, 4 வெள்ளி 80 காசு. மிச்சம் 11.20. பெட்டி, பைகள், ஸ்டிக்கர், தாள் பை எல்லாம் சேர்ந்து 1.30. மிச்சம் 9.90. சனி, ஞாயிறில் 5 வெள்ளிக் கழிவு (தள்ளுபடி) என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்களே, அதில் பாதி என்னுடையது. மிச்சம் 7 வெள்ளி 40 காசு. கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரிடம் 12 வாங்கிக்கொண்டு இரண்டாவது தடவை சோறும் போடுகிறேன். இதற்கு மேல், பட்டியலில் மேலே தெரிய வேண்டுமானால் விளம்பரக் காசு தனி. போன தீபாவளிக்கு முன்னால் இரண்டு வாரம் விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தேன், என் கடைக்கு இருநூறு மீட்டர் தள்ளியிருக்கிற அடுக்குமாடியில் தேடினால்கூட என் கடை நான்காவது திரைக்குக் கீழே கிடந்தது.

அதே சமயம் சம்பளம் ஏறியிருக்கிறது, ஏற வேண்டியதுதான். குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 வெள்ளி ஆனது, 2025 பிப்ரவரியில் 1,700. எங்களைப் போல ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் கடைகளுக்கு அது அந்த ஆகஸ்டிலிருந்து. முன்பு பரிமாற இரண்டு பேர் இருந்தார்கள். இப்போது ஒருவர்தான் பரிமாறுகிறார். இன்னொருவர் காலை பதினொன்றரையிலிருந்து மூன்று வரை முதுகைக் காட்டிக்கொண்டு பை கட்டுகிறார். பதினாறு வருஷமாக யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்காமலே பரிமாறத் தெரிந்த மனுஷர் அவர்.

பரிமாறுவதில் என்ன இருக்கிறது என்பீர்கள். இலை எடுக்கும்போது நான் கவனிப்பேன். மூன்று இலையில் கூட்டு அப்படியே கிடந்தால் உப்போ தேங்காயோ எங்கேயோ தவறியிருக்கிறது, ஒன்றரை மணிக்குள் சரிசெய்துவிடலாம். உங்கள் நட்சத்திரம் எனக்கு மறுநாள் வரும், இரண்டு நட்சத்திரம் என்று. எதற்கு இரண்டு? கூட்டுக்கா, மழையில் நனைந்த பைக்கா, மோட்டார் ஓட்டிய பையன் மாடிக்கு ஏறி வராததற்கா? ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த இரண்டு நட்சத்திரம் என்னைப் பட்டியலில் கீழே தள்ளும்.

தோசையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்து மூடினால் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் அதன் ஆவியே அதை வேகவைத்து நனைத்த துணி மாதிரி ஆக்கிவிடும். மூடியில் ஓட்டை போட்டுப் பார்த்தோம், வாழை இலை விரித்துப் பார்த்தோம், தாள் சுற்றிப் பார்த்தோம். ஆர்டர் வந்ததும் நீங்கள் எனக்குத் தருகிற நேரம் 12 நிமிஷம். நான் ஒன்பதில் முடித்துவிடுவேன். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டால் உங்கள் ஆள் வர இருபத்தைந்து நிமிஷம் ஆகும். அதுவரை தோசை மேசையில் வியர்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் புகார்: மொறுமொறுப்பு இல்லை. பணம் பிடிப்பு, என் கணக்கில். சரி, நெய் தோசையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்தால், அதிகம் விற்கும் உணவை நீக்கியிருக்கிறீர்கள், இது உங்கள் தரநிலையைப் பாதிக்கும் என்று எச்சரிக்கை வந்தது.

மோட்டார் ஓட்டும் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. மழையில் கடை முன்னாலுள்ள அஞ்சடி நடைபாதையில் ஏழெட்டுப் பேர் ஒதுங்கி நிற்பார்கள், தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்போம், காசு வாங்குவதில்லை. ஒருநாள் செலாயாங் பக்கத்துத் தம்பி ஒருவர் முட்டி சிராய்த்து ரத்தத்தோடு திரும்பி வந்தார், ஜாலான் கூச்சிங்கில் சறுக்கி விழுந்திருக்கிறார். முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அக்கா, குழம்பு கொட்டிருச்சு, என் பேர்ல எழுதிருவாங்க" என்பதுதான் அவருக்குக் கவலை. மறுபடியும் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். அவர்களுக்காவது 2025 ஆகஸ்ட் 28-இல் மக்களவையில் கிக் தொழிலாளர் மசோதா, அதாவது இப்படிச் செயலி வழியாக வேலை செய்கிறவர்களுக்கான மசோதா, நிறைவேறியது. தகராறு என்றால் போய் நிற்க ஒரு நடுவர் மன்றம் அதில் இருக்கிறது. மனதார மகிழ்ச்சி. கடைக்காரருக்கு அப்படி என்ன இருக்கிறது? பயனீட்டாளர் (நுகர்வோர்) நடுவர் மன்றம் 50,000 வெள்ளி வரை கோரிக்கை கேட்கும், ஆனால் அது பயனீட்டாளருக்கு, நான் பயனீட்டாளர் இல்லை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரை சிறு கோரிக்கை வழக்கு உண்டு, வக்கீல்கூட வேண்டாம். ஆனால் 22 வெள்ளி 40 காசு ரசத்துக்கு அரைநாள் கடையை மூடிவிட்டு யார் போவது? இது உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். முப்பது வெள்ளி என்ற கோட்டை அதைத் தெரிந்துதான் போட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உங்கள் செயலியில் வாழை இலைச் சாப்பாடு என்று தேடினால் என் கடையைச் சுற்றி ஒரு டஜன் பெயர் வருகிறது. அம்மா, பாட்டி, கிராமம் என்றெல்லாம் பெயர். இத்தனை பாட்டிகள் செந்தூலில் எங்கே கடை போட்டிருக்கிறார்கள், நான் பிறந்து வளர்ந்த இடம், ஒருத்தரைக்கூடப் பார்த்ததில்லையே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனின் மோட்டாரில் ஏறிப் போனேன். முகவரி சிகாம்புட் பக்கம் தொழிற்பேட்டைக்குள் கொண்டுபோய் விட்டது. டயர் கடைக்கும் அலுமினியப் பட்டறைக்கும் நடுவில் நீளமாக ஒரு கொட்டகை, வரிசையாக இரும்பு ஷட்டர் ஜன்னல்கள், ஜன்னலுக்கு மேல் எண் மட்டும். பெயர்ப் பலகை கிடையாது. மேசை, நாற்காலி, கை கழுவக் குழாய் எதுவும் கிடையாது. வெளியே இருபது மோட்டார் நிற்கிறது. ஏழாம் எண் ஜன்னலில் பத்து நிமிஷம் நின்று பார்த்தேன். அதே ஜன்னலிலிருந்து ஒரு பாட்டியின் தோசை வந்தது, ஒரு பிரியாணிக் கடை வந்தது, கொரிய வறுத்த கோழி வந்தது, அப்புறம் உடம்பைக் குறைக்கிறவர்களுக்கான கீரைக் கிண்ணம் ஒன்று. உள்ளே இரண்டு இளைஞர்கள், சுவரில் வரிசையாக ஐந்து டேப்லெட். ஐந்தும் ஒரே நேரத்தில் கத்தின. எனக்கு ஒன்று கத்தினாலே தலைவலி. அந்தப் பையன்களைப் பார்த்துப் பாவமாகத்தான் இருந்தது.

இப்படிச் சமைப்பது குற்றம் என்று சொல்ல வரவில்லை. கடைவீட்டு வாடகை கொடுக்க முடியாதவர் அப்படித் தொழில் தொடங்கலாம், ருசியாகவும் சமைக்கலாம். ஆனால் என் கடைச் சுவரில் மாநகர் மன்றம் சுத்தத்தைப் பார்த்துக் கொடுத்த தர எழுத்து இருக்கிறது, வருகிறவர் பார்க்கலாம். அடுப்படியில் நிற்கும் எல்லோரும் உணவு கையாளும் பயிற்சிக்குப் போயிருக்கிறோம், டைபாய்டு ஊசி போட்டிருக்கிறோம், கேட்டால் அட்டையைக் காட்டுவேன். செயலியில் என்னையும் அந்த ஏழாம் எண் ஜன்னலையும் ஒரே மாதிரி படத்தோடு பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறீர்கள். வாங்குகிறவருக்கு எது கடை, எது ஜன்னல் என்று தெரிய வழியே இல்லை.

இதெல்லாம் எங்கே போய் முடியும் என்று எனக்கு ஓரளவு தெரியும், ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் ஒருவர் இதை முன்னாலேயே பார்த்துவிட்டார். என் சின்ன மாமா டாக்சி ஓட்டினார். பெர்மிட் நிறுவனத்துடையது, இவர் தினமும் வாடகை கட்டி ஓட்டுவார். மீட்டர் போடமாட்டேன் என்கிற டாக்சிகளை நானும் திட்டியிருக்கிறேன். ஆக, செயலிகள் வந்தபோது ஜனங்கள் ஓடிப்போனதில் தப்பில்லை. மைடெக்சி 2012-இல் வந்தது, பின்னால் கிராப் ஆனது, உபரும் வந்தது, இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு கழிவு கொடுத்தன. மாமாவும் பெர்மிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு சின்னக் காடி (கார்) வாங்கிச் செயலிக்கு ஓட்டினார். 2018-இல் உபர் தென்கிழக்கு ஆசியத் தொழிலைக் கிராப்பிடம் விற்றுவிட்டுப் போனது. போட்டியும் கழிவும் சேர்ந்தே போகும் என்று மாமா அப்போதே சொன்னார். இப்போது ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் ஓட்டுகிறார், அறுபத்தி மூன்று வயதில். முன்பு நிறுவனத்துக்கு வாடகை கட்டினேன், முதலாளி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றாவது தெரியும், போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவேன் என்பார்.

எங்களுக்கும் அப்படிப் போய் நிற்க ஓர் இடம் இருந்தது. கூட்டாளிக் கடைகளுக்கு என்று உங்கள் அலுவலகத்தில் ஒரு முகப்பு. எண் எடுத்து உட்கார்ந்தால் ஒரு பெண் பேசுவார், தமிழும் கொஞ்சம் தெரியும். போன வருஷம் அதை மூடினீர்கள்.

இப்போது நான் கேட்பவை.

முதலில், அடுத்த மாதம் 1-ஆம் தேதி வரப்போகிற அந்த விதியை நிறுத்தி வையுங்கள். முறையீட்டுக்கு வெள்ளிக் கணக்கில் கோடு போடாதீர்கள். ஒரு புகார் வந்தால், பணத்தைப் பிடிப்பதற்கு முன்னால் என்னைக் கேளுங்கள். மதிய நேரத்தில் கேட்டால் பதில் வராது. மறுநாள் இரவு வரை அவகாசம் கொடுங்கள், வாடிக்கையாளர் அனுப்பிய படத்தையும் கூடவே அனுப்புங்கள். வாடிக்கையாளருக்கு உடனே பணம் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் தாராளமாகக் கொடுங்கள், உங்கள் முப்பது விழுக்காட்டிலிருந்து. பிறகு என் தவறு என்று தெரிந்தால் என்னிடம் பிடித்துக்கொள்ளுங்கள், ரசம் இல்லையென்றால் ரசத்துக்கு மட்டும். உங்கள் ஆள் தாமதமாக வந்ததால் கெட்டுப்போன சாப்பாட்டுக்கு என்னிடமும் பிடிக்காதீர்கள், அந்தத் தம்பியிடமும் பிடிக்காதீர்கள். மழையில் ஆள் கிடைக்காது என்று தெரிந்தே ஆர்டரை எடுத்தது நீங்கள். 61-இல் எங்கள் தவறு 14 போக மிச்சம் இருக்கிற 47 பிடிப்புகளையும் மறுபடி பாருங்கள். தேதி, ஆர்டர் எண் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், தனியாக அனுப்புகிறேன்.

வாடிக்கையாளரின் எண்ணைக் கொடுக்க முடியாது என்றால் வேண்டாம். ஆனால் அவர் விரும்பினால் கடையோடு பேச ஒரு வழி வையுங்கள். நான் மன்னிப்புக் கேட்டால் அது அவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

விளம்பரக் காசு கொடுத்து மேலே வந்த கடை என்றால் அதைப் பெரிதாகவே எழுதுங்கள், வெளிர் சாம்பல் நிறத்தில் எறும்பு மாதிரி வேண்டாம். ஒவ்வொரு கடைக்கும் சமைக்கிற இடத்தின் உண்மையான முகவரியையும், ஒரே அடுப்படியில் வேறு எந்தெந்தப் பெயரில் விற்கிறார்கள் என்பதையும், மாநகர் மன்றத்தின் தர எழுத்தையும் போடுங்கள். என்னுடையதையே முதலில் போடுங்கள்.

மூடிய முகப்பைத் திறங்கள். முடியாவிட்டால் ஒரு தொலைபேசி எண், எடுத்தால் மனிதர் பேச வேண்டும், மலாய், சீனம், தமிழ் மூன்றிலும்.

இந்தக் கடிதத்தில் நான் மட்டும் இல்லை. எங்கள் வரிசையிலும் பின் தெருவிலும் உங்களிடம் பதிந்த பதினொரு கடைகள் இருக்கின்றன. ஆறு எங்களவர்கள், மூன்று சீனர், இரண்டு மலாய்க்காரர். போன வியாழக்கிழமை ராத்திரி எங்கள் கடையிலேயே உட்கார்ந்து பேசினோம். 1-ஆம் தேதிக்குள் பதில் இல்லையென்றால் அன்றிலிருந்து தினமும் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை பதினொரு டேப்லெட்டும் அணைந்திருக்கும். எங்களுக்கும் நஷ்டம்தான், தெரிந்துதான் சொல்கிறோம்.

பதிலைத் தயவுசெய்து உதவிப் பெட்டி வழியாக அனுப்பாதீர்கள். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் கடைக்கு வரட்டும். மதியம் மூன்று மணிக்கு மேல் வந்தால் கூட்டம் இருக்காது. அந்தப் படத்தை அச்சடித்துக் கல்லா மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன், சிவப்பு ரப்பர் இருக்கிறதா இல்லையா என்று அவரே பார்த்துச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
செந்தூல் தோசைக் கடைக்காரி